ரைட் போட்டா நாலும் மின்னும்

வண்டிக்கு லைட் மாட்டுற பொழப்பு இருக்கே, எரிஞ்சா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, எரியலன்னா ஊரே நம்மளைத் தேடும். குரோம்பேட்டையில ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வெச்சிருந்தேன். எல்.இ.டி. புதுசா வந்த நேரத்துல இதே தொழில்ல இருந்த சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இது.

இறங்கிப்போன பேட்டரி

பொழிச்சலூர் யூசுப் பாய் பழைய டூரிஸ்ட் வேன் ஒண்ணு வாங்கி, சீட்டையெல்லாம் கழட்டிட்டு கட்டில், ஸ்டவ், தண்ணித் தொட்டின்னு வீடாவே ஆக்கிட்டாரு. சின்ன வீடுன்னு சொன்னா மட்டும் அடிக்க வருவாரு. எல்லாம் அவர் சம்சாரம் மெஹருன் அக்காவுக்காக. பக்கவாதம் வந்து ரொம்ப நேரம் உட்கார முடியாது. ஆனா குத்தாலம் அருவியைப் பார்க்கணும்னு ஒரே ஆசை. ஒரு ராத்திரி வெளி லைட்டெல்லாம் போட்டு ஊரப்பாக்கத்துல நிறுத்திப் பார்த்திருக்காரு. காலையில பேட்டரி செத்துப்போச்சு.

"அவ நடுவழியில மாட்டிக்கக் கூடாது தம்பி. வெளிய இருக்கற அத்தனை பல்பையும் எல்.இ.டி. ஆக்கிடு."

ஜுரம்

மாட்டினேன். பாதி எரியல. பழைய பல்பை எப்படிச் சொருகினாலும் எரியும். இதுக்கு பிளஸ் மைனஸ் பார்க்கணுமாம். திருப்பிச் சொருகினா எரிஞ்சுது, ஆனா இண்டிகேட்டர் கண்டபடி படபடன்னு அடிச்சுது. எல்.இ.டி. கரண்ட் கம்மியா இழுக்குதா, இண்டிகேட்டரை மின்ன வைக்கிற பழைய ப்ளாஷர், பல்பு பியூஸ் போயிடுச்சுன்னு நெனைச்சுக்கிச்சு. அட கடவுளேன்னு தலையில கை வெச்சு உட்கார்ந்தேன். பக்கத்துக் கடை மெக்கானிக் தாஸ் வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், வண்டிக்கு ஜுரமா? இந்தத் துடி துடிச்சிகினு கீது!"

நேரா போறோம்

புது ப்ளாஷர் போட்டு, பாயை ஓட்டச் சொல்லி தாம்பரம் பக்கம் கிளம்பினோம். ரைட் இண்டிகேட்டர் போட்டு ரைட்ல திரும்பினாரு. பின்னாடி வந்த தண்ணி லாரி எங்களை இடிக்காம போனது யார் செஞ்ச புண்ணியமோ! இறங்கிப் பார்த்தா, ரைட் போட்டாலும் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுது. நம்ம ஊர்ல நாலும் மின்னினா நேரா போறேன்னு அர்த்தம். லாரி டிரைவர் தலையை வெளிய நீட்டினாரு.

"நேரா போறேன்னு போட்டுட்டு ரைட்ல ஒடிக்கிறியே, வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

வெள்ளை வெளிச்சம்

டேஷ்போர்டுல ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்ன பல்பு. அது வழியாத்தான் கரண்ட் அந்தப் பக்கம் தாவியிருக்கு. அதைத் தனியா எர்த் பண்ணதும் எல்லாம் சரியாச்சு. அப்பாடான்னு இருந்தேன். கிளம்புற அன்னிக்குச் சாயங்காலம் வழியனுப்ப பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவை வேனுக்கு நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க. கதவுக்கு மேலயும் நாலு மூலையிலயும் பளிச்சுன்னு வெள்ளை வெளிச்சம், உள்ள கட்டில். அக்கா நல்லா இருந்த கையால வீட்டு கேட்டைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

"ஆஸ்பத்திரிக்குத்தானே கூட்டிட்டுப் போறீங்க? குத்தாலம்னு ஏன் பொய் சொல்றீங்க?" இதே மாதிரி வெள்ளை வெளிச்சம் போட்ட ஆம்புலன்ஸ்லயே போய்ப் போய் வந்தவங்க. பாய் சத்தியம் பண்ணியும் நம்பல, அழுதாங்க. எல்.இ.டி.யை ஒண்ணு விடாம கழட்டிட்டு, வேன்லயே போட்டு வெச்சிருந்த அந்தப் பழைய பல்பையே மாட்டினேன். மஞ்சளா வெளிச்சம் வந்ததும்தான் அக்கா கேட்டை விட்டாங்க. பாய் ஸ்டியரிங் முன்னாடி ஏறி உட்கார்ந்தாரு.

"பேட்டரி இறங்கினா இறங்கட்டும்பா, நான் இறங்கித் தள்ளிக்கிறேன்."

ஆக, ஊரே எல்.இ.டி., எல்.இ.டி.ன்னு பறந்தப்போ, அதைக் கழட்டி எறிஞ்சு நல்ல பேரு வாங்கின ஒரே எலெக்ட்ரீஷியன் நானாத்தான் இருப்பேன், போங்க.