பன்னிரண்டுக்குத் திரும்பாத முள்

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் எனக்குக் கடை இருந்தது என்று சொல்லிக்கொள்வேனே தவிர, உண்மையில் இருந்தது ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு ஸ்டூலும்தான். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடை. அதன் வாசலில் மூன்றடி இடம் ஒதுக்கித் தந்திருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் அங்கே உட்கார்ந்துதான் கடிகாரம் பழுது பார்த்தேன். இருபத்தாறு வயது. வேலை தெரியும். தெரிந்ததற்கு மேலும் தெரியும் என்ற திமிரும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து டீமேக்கர் ஐயா வந்தார். தேயிலை ஃபேக்டரியின் பொறுப்பு முழுக்க அவருடையது. மடித்த கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து வைத்தார். மணி காட்டுவதோடு ஸ்டாப் வாட்ச் வேலையும் செய்கிற பழைய குரோனோகிராஃப். தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்காரத் துரைக்கு அவர் அப்பா கொடுத்தது. பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் நீண்ட முள் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். மூன்றாவது தடவை அமுக்கினால் ஒரே தாவில் பன்னிரண்டுக்குத் திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை. நாற்பதாவது விநாடியில் நின்று நடுங்கியது.

டிரையரில் தேயிலை எத்தனை நிமிடத்தில் காய்ந்து வருகிறது என்று பார்க்க, துரை ஒரு வாரம் அதை டீமேக்கரிடம் கொடுத்து வைத்திருந்தாராம். அந்த வாரத்தில்தான் இப்படி ஆகிவிட்டது.

"நம்ம கையிலதான் பாழாச்சுன்னு துரை நெனைக்கிறாரு, தம்பி. சனிக்கிழமைக்குள்ள சரியா வரணும். இல்லேன்னா அடுத்து வர்ற துரைக்கு என்னையப் பத்தி எழுதி வெச்சிட்டுத்தான் கப்பலேறுவாரு," என்றார்.

தோட்டத்தில் வேலை போனால் குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் போகும். அவர் மனைவிக்கு அது எட்டாம் மாதம். இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இந்த மாதிரிக் கடிகாரத்தை நான் திறந்ததே இல்லை, கண்டிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பத்துப் பதினைந்து செய்திருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று சொன்னேன்.

மூடியைத் திறந்தேன். கடிகாரத்துக்கு மேல் இன்னொரு கடிகாரம் உட்கார்ந்திருந்தது. தலைமுடி கனத்தில் ஸ்ப்ரிங்குகள், நெம்புகோல்கள், தூண்போல் பற்கள் நிற்கிற ஒரு சக்கரம். முள்ளின் அச்சில் இதய வடிவில் ஒரு தகடு. அதன்மேல் ஒரு குட்டிச் சுத்தியல் விழுந்தால்தான் முள் பன்னிரண்டுக்கு வரும். எதைக் கழற்றினாலும் காகிதத்தில் படம் வரைந்து, அந்தப் படத்தின் மேலேயே அந்தத் துண்டை வைத்தேன். தும்மல் வந்துவிடுமோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை செய்த நாள் அது. சுத்தியலுக்கடியில் தேயிலைத் தூசு பிசினாய்ப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினேன். அமுக்கினேன். முள் பன்னிரண்டில் வந்து விழுந்தது. இருபது தடவை அமுக்கினேன், இருபது தடவையும் விழுந்தது. துணிக்கடை நானாவைக் கூப்பிட்டு அவர் விரலாலும் அமுக்க வைத்தேன்.

புதன்கிழமை டீமேக்கர் வாங்கிக்கொண்டு போனார். வியாழக்கிழமை மத்தியானம் திரும்பி வந்துவிட்டார், முகத்தில் ரத்தமில்லை. காலையில் மேசைமேல் கிடந்ததை எடுத்துத் துரை அமுக்கினாராம். முள் ஊர்ந்து வந்து பத்தாவது விநாடியில் நின்றுவிட்டதாம். நான் வாங்கி அமுக்கினேன். அழகாகப் பன்னிரண்டில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். துரைக்கு அமுக்கத் தெரியவில்லை என்று வாய்க்கொழுப்போடு சொன்னேன். அவர் கடிகாரத்தை என் பெட்டிமேல் வைத்துவிட்டு, நாளை மறுநாள் வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனார்.

சாயங்காலம் வரை லென்ஸை வைத்துத் தேடினேன். ஒரு குற்றமும் இல்லை. குற்றம் இல்லாததுதான் பயமாக இருந்தது. இருக்கிற பழுதைச் சரிசெய்யலாம், இல்லாத பழுதை எங்கே போய்ப் பிடிப்பது?  நான் பார்த்தேயிராத டீமேக்கரின் மனைவி சாமான்களை மூட்டை கட்டுவதாகவே மனதுக்குள் ஓடியது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடைக்கு ஓடினேன். வெளியே பனிமூட்டம் எதிர்க்கடையை மறைத்திருந்தது. விரல் விறைக்குமென்று, கரிச்சட்டியில் நெருப்புப் போட்டுக் கையைக் காய்ச்சிய பிறகுதான் எப்போதும் எதையும் தொடுவேன். அன்று அதற்குப் பொறுமையில்லை. எடுத்தேன், அமுக்கினேன். முள் ஊர்ந்து வந்து எட்டாவது விநாடியில் நின்றது.

குளிர்! கரிச்சட்டியைப் பற்றவைக்காமல் அப்படியே மூடியைத் திறந்து லென்ஸை வைத்தேன். சுத்தியலைப் பிடித்திருக்கிற திருகாணியைச் சுற்றி வெள்ளையாய் ஒரு படலம். நகத்தால் தொட்டு மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். மலைநாட்டில் காலையில் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்கினால்தான் தலைக்கு எண்ணெய் கிடைக்கும். அதே எண்ணெய் இங்கே உறைந்து கிடந்தது.

யார் விட்டது என்று யோசிக்கும்போதே என் வலது கை தானாகத் தலைக்குப் போயிற்று. திருப்புளி முனையைத் தலைமுடியில் ஒரு தேய் தேய்ப்பது என் பழக்கம். தையல்காரர் ஊசியைத் தேய்ப்பதுபோலத்தான். எண்ணெய்ப் பசையில் பொடித் திருகாணி முனையோடு ஒட்டிக்கொள்ளும், தவறி விழாது. மற்றக் கடிகாரங்களில் அந்தப் பசை தகட்டின்மேல் சும்மா கிடக்கும். இங்கே அந்தத் திருகாணிதான் சுத்தியல் அசைகிற அச்சு. கரிச்சட்டிக்குப் பக்கத்தில் இளகி ஓடும், துரை பங்களா மேசையில் கல்லாகிவிடும். தூசு டீமேக்கர் கையில் சேர்ந்தது. எண்ணெய் முழுக்க என்னுடையது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி கழற்றிக் கழுவிப் பூட்டினேன். சனிக்கிழமை காலை, குளிரிலேயே அமுக்கிப் பார்த்துத் திருப்தியான பிறகு, டீமேக்கர் வந்ததும் நானும் வருகிறேன் என்று அவரோடு பஸ் ஏறினேன். துரையிடமே உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் புறப்பட்டேன். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பங்களா வராந்தாவில் துரை மூன்று தடவை அமுக்கிப் பார்த்தார். மூன்று தடவையும் முள் பன்னிரண்டில் விழுந்தது. என்ன கோளாறு என்று என்னிடம் கேட்டார். தேங்காய் எண்ணெய் பட்டிருந்தது, குளிரில் உறைந்துவிட்டது என்றேன். அது என் தலை எண்ணெய் என்பதுதான் அடுத்த வாக்கியம். அதற்குள் துரை டீமேக்கர் பக்கம் திரும்பிவிட்டார். அதுவரை அவரிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவர், ஏசுவதற்குத் தமிழுக்கு வந்தார்.

"எண்ணெய் போட்டது நீயா?"

"ஆமாங்க துரை. இறுக்கமா இருந்துச்சு, ஒரு சொட்டு விட்டுட்டேன். தப்புதாங்க."

துரை ஐந்து நிமிடம் ஏசினார். முட்டாள் என்றார், இனி என் சாமான் எதையும் தொடாதே என்றார். பிறகு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். வேலை தப்பியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

டீமேக்கர் என்னைத் தன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி இடுப்பைப் பிடித்தபடி வந்து, தேத்தண்ணி கொடுத்து, எனக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்றார். ஏன் ஐயா பழியை ஏற்றீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

தெரியாது என்று சொன்னால் துரை பொய் என்பார், நான்தான் என்றால் ஏசிவிட்டு விட்டுவிடுவார் என்றார். எண்ணெய் விட்டது டிரையர்காரனாகத்தான் இருக்கும், அவனைத் துரையிடம் காட்டிக்கொடுக்க மாட்டேன், ஆனால் திங்கட்கிழமையிலிருந்து அவன் ஃபேக்டரிக்குள் வேண்டாம், வெயில் மழையில் நிற்கிற மலை வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "அது என் தலை எண்ணெய்ங்க," என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அதைத் துரைக்கு முன்னால சொல்லியிருந்தா ஒங்களுக்கு என்ன போயிருக்கும், தம்பி? நீங்க அவருகிட்ட வேலையா பாக்குறீங்க?"

ஒன்றும் போயிருக்காது. அது எனக்கு அந்த வராந்தாவிலேயே தெரியும். உள்ளேயிருந்து அவர் மனைவி, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.