எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் காஸ்ட்ரிக்

யுத்தகாலத்தில் கொழும்பில் டெங்கு பரவியபோது நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தேன். ஒருநாள் காலை வார்டில் யாரோ இரும்புத் தட்டொன்றைக் கீழே போட்டார்கள். என் காதுக்கு அது குண்டு. அடுத்த நொடி கட்டிலுக்கடியில் கிடந்தேன். மேலே சேலைன் ஏறிக்கொண்டிருந்த பெரியவர் குனிந்து பார்த்தார்.

"தம்பி, கீழ இன்னும் ஒராளுக்கு இடமிருக்கோ?"

"காஸ்ட்ரிக், ஐயா, வயித்தெரிவு," என்றபடி எழும்பினேன்.

வேறென்ன சொல்வது? எங்கள் ஆஸ்பத்திரியில் பயத்துக்கு அதுதான் பெயர். வெள்ளவத்தையிலிருந்து வருகையில் இராணுவச் செக்பொயின்ற்றில் பஸ்ஸால் இறக்கி விசாரித்தால் நெஞ்சு படபடக்கும்; காஸ்ட்ரிக். கட்டில் கிடைக்காமல் நிலத்தில் பாயில் கிடக்கிற காய்ச்சல்காரரைத் தாண்டித் தாண்டி நடக்கையில் மூச்சு முட்டும், காஸ்ட்ரிக். கையில் ஒரு டெங்கு நுளம்பு குந்தினால் போதும், மனதுக்குள் மரணசாசனம் எழுதி முடித்துவிடுவேன், அதுவும் காஸ்ட்ரிக். பயம் என்று சொன்னவனை விசரன், பைத்தியக்காரன் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே எல்லாரும் வயிற்றைத் தடவியபடி வேலை செய்தோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த நர்ஸ் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் பராமரித்த குழந்தை டெங்குவில் இறந்துபோனது. மறுநாள் அவள் படுக்கைத்துணி வைக்கிற அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். நான்தான் நெடுநேரம் தட்டித் திறப்பித்தேன். டியூட்டியை விட்டுப்போன குற்றத்துக்குத் தலைமைத் தாதி மேட்ரன் அவளைக் கூப்பிட்டா, சாட்சிக்கு என்னையும். அவளுடைய வேலை போகப்போகிறது என்று வார்டுக்கே தெரியும். அவளுடைய வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான். காஸ்ட்ரிக் என்றுதான் அவளும் சொல்லியிருந்தாள்.

மேட்ரனுடைய சிங்களத்தைத் தமிழில் தருகிறேன். "காஸ்ட்ரிக் எண்டால் ஏன் கதவைப் பூட்டினாய்?"

அவளுக்கு முன் நான் பேசிவிட்டேன். என் வாய் என்னிடம் அனுமதி கேட்கிற வாயல்ல.

"அது காஸ்ட்ரிக் இல்லை, மேடம். பயம். எனக்கும் இருக்கு. கட்டிலுக்குக் கீழ பாய்ஞ்சது நான்தான்."

"உங்களுக்கென்ன, விசரா?"

"இன்னும் இல்லை. இப்பிடியே பொய் சொல்லிக்கொண்டிருந்தா வரும்."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினா. "பயப்படுற ஆளை வார்டில வைச்சிருக்கேலாது. வயித்து நோ எண்டு ரெண்டு பேரும் சொல்லுங்கோ. இந்தமுறை விட்டுவிடுறன்."

நல்ல பேரம். என் கை வயிற்றை நோக்கிப் புறப்பட்டும்விட்டது. அதற்குள் அந்தப் பிள்ளை முந்திக்கொண்டாள்.

"இல்லை, மேடம். பிள்ளை செத்துப்போச்சு. வார்டில அழக்கூடாது எண்டீங்கள், அதான் கதவைப் பூட்டினனான். நாளைக்கும் வேலைக்கு வருவன். அழுகை வந்தா அழுவன்."

"பயந்தாக்களை வைச்சு நான் எப்பிடி வார்ட் நடத்துறது?" மேட்ரன் என்னைத்தான் கேட்டா.

"இவ்வளவு நாளும் எங்களை வைச்சுத்தானே நடத்தினீங்கள்?"

வெளியே ஒரு நோயாளி பெல்லை அடித்தார். பிறகு இன்னொருவர். மேட்ரன் கண்ணாடியைத் திரும்பப் போட்டு அந்தப் பிள்ளையைப் பார்த்தா.

"போ, சேலைன் முடியுது போல. இனிக் கதவைப் பூட்டாதே. ஆரிட்டையாவது வார்டைக் குடுத்திட்டுப் போய் அழு."

வெளியே வந்ததும் அவள் என்னை மேலுங்கீழும் பார்த்தாள். "அண்ணை, வாய்தான் பெரிசு. கால் என்ன இந்த நடுக்கம் நடுங்குது?"

"நடுங்கட்டும். ஓடேல்லைத்தானே? வா, வேலையைப் பாப்பம்."