முதல் கழுவு

எங்கள் பெரியம்மாவுக்கு 'வாளியக்கா' என்று பெயர் வைத்தது அந்த இல்லத்து ஆட்கள்தான். ஏழைகளுக்கு உதவுவதற்காகத் திருச்சபை நடத்தும் இல்லம் அது. முன்னால் பெரிய கூடம், பின்னால் குழாயடி, பக்கத்தில் செருப்பும் துணியும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிடங்கு. வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். ஏழைகளை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே முழங்காலிட்டு, அவர்கள் கால்களைக் கழுவித் துடைத்துப் புதுச் செருப்பு மாட்டிவிடுவார்கள். ஆண்டவரே தம் சீடர்களுக்குச் செய்த வேலை. அதைச் செய்வதற்காக அவ்வளவு தூரம் விமானம் ஏறி வருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏழையின் காலை அப்படியே விருந்தாளியின் கையில் கொடுக்க முடியாது. குப்பைமேட்டில் நடந்த கால், சாக்கடையில் இறங்கிய கால், தார் ஒட்டிய கால். அதனால் குழாயடியில் முதலில் ஒரு கழுவு நடக்கும். பெரியம்மா அங்கே குந்தி உட்கார்ந்து, வாளி வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, வெடிப்புக்குள் இருக்கும் கறுப்பைக் குச்சியால் தோண்டி எடுப்பாள். நகமும் வெட்டுவாள். அங்கே அதற்கு 'முதல் கழுவு' என்று பெயர். கூடத்தில் கேமரா முன்னால் நடப்பது இரண்டாம் கழுவு. இரண்டாம் கழுவுத் தண்ணீரை எடுத்துக் குடிக்கலாம், அவ்வளவு சுத்தம் என்பாள் பெரியம்மா.

பெரியப்பா இறந்த பிறகு அவள் கட்டட வேலைக்குப் போனாள். முதுகு விட்டுப்போகும் வரை செங்கல் சுமந்தாள். பிறகு இந்த இல்லத்தில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. வெயில் படாத வேலை என்று சந்தோஷப்பட்டாள். எங்கள் வீட்டு முன் அறையில்தான் படுக்கை. எப்போதும் அவள் மேல் சோப்பு வாசனை அடிக்கும்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. போன வருடத்துக்கு முந்தைய வருடம், வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்தது. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற கால், எப்படி ஆறும்? பெரிய ஆஸ்பத்திரியில் தினமும் வந்து கட்டு மாற்றச் சொன்னார்கள். தினமும் போனால் வேலை இருக்காது. விருந்தாளிகளோடு ஒரு டாக்டர் வருவது வழக்கம். அவர் பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டால், திருச்சபை ஆஸ்பத்திரியில் காசில்லாமல் படுக்கவைத்துக் குணமாக்கி அனுப்புவார்கள். அதற்கு ஒரு டோக்கன் வேண்டும். இல்லத்துப் பொறுப்பாளரிடம் கேட்டாள். எல்லோரும் அவரைப் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உங்களுக்கா? நீங்க ஸ்டாஃப் ஆச்சேக்கா. டோக்கன் ஏழைங்களுக்கு."

"நான் மட்டும் என்ன பங்களாவுலயா குடியிருக்கேன்?"

"அப்படி இல்லக்கா. நம்ம ஆளுங்களுக்கே குடுத்துக்கிட்டோம்னு பேர் வந்துடும். வாங்க, உங்களுக்காக ஜெபம் பண்றேன்."

குழாயடியிலேயே நின்று, பெரியம்மாவின் தலையில் கை வைத்து, நீளமாக ஜெபம் பண்ணினார். அடுப்பில் வெந்நீர் பொங்கிவிடுமே என்று பெரியம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டாளாம்.

"ஸ்டாஃபாம்ல, ஸ்டாஃப்!" என்று வீட்டில் அம்மா கத்தினாள். "அவன் வாயில மண்ணு விழ."

"திட்டாதடி. வேல போயிடும்."

"அவனுக்குக் கேக்கவா போகுது?"

"எனக்குக் கேக்குதுல்ல."

விருந்தாளிகள் வந்த அன்று, முன் வரிசையில் உட்கார வேண்டிய கிழவர் ஒருவர் முதல் கழுவு முடிந்ததும் எழுந்து நடையைக் கட்டிவிட்டார். "காலு சுத்தமாயிடுச்சில்ல, இன்னொரு தடவ எதுக்கு?" என்று கேட்டாராம். பாட்டு தொடங்கிவிட்டது. முன் வரிசையில் ஒரு நாற்காலி பல் விழுந்த மாதிரி காலியாக இருந்தது. பிரதர் குழாயடிக்கு ஓடி வந்தார்.

"அக்கா, எந்திரிங்க. வந்து அந்த நாற்காலியில உக்காருங்க."

"நான் ஸ்டாஃப் ஆச்சே பிரதர்."

"இப்ப போய் வம்பு பண்ணாதீங்கக்கா. கட்டுப் போட்ட கால உள்ள இழுத்துக்குங்க. நல்ல கால மட்டும் நீட்டுங்க."

பெரியம்மா போய் உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே முழங்காலிட்டது தலை நரைத்த ஓர் அம்மாள். இடது காலைத் தண்ணீரில் வைத்ததும் தண்ணீர் கறுத்துவிட்டது. அன்று அந்தக் கூடத்தில் முதல் கழுவு ஆகாத கால் அது ஒன்றுதான். அந்த அம்மாள் அதுவரை கழுவியதெல்லாம் சுத்தமான கால்கள். அழுக்கைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார் என்று பெரியம்மா பல தடவை சொல்லியிருக்கிறாள்.

பிறகு அடுத்த காலுக்குக் கை நீட்டினார். பின்னால் நின்ற பிரதர், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவருக்குப் பக்கத்தில், கூப்பிடு தூரம்கூட இல்லை, வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் நின்றுகொண்டிருந்தார். இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று பெரியம்மாவுக்குத் தோன்றியது. கட்டை அவிழ்த்தாள். வலது காலைத் தூக்கி எல்லோரும் பார்க்கும்படி நீட்டினாள்.

நாற்றம் அடித்தது. அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. புண்ணைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பெரியம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. துடைத்துவிட்டுக் குனிந்து, காலில் முத்தம் கொடுத்தார். கூடமே எழுந்து நின்று கை தட்டியது. கேமராக்கள் மின்னின. பெரியம்மா அந்த நரைத்த தலைக்கு மேலாக டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரும் அழுதுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்ததால் காலை அவர் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் புதுச் செருப்பை எடுத்து, புண்ணின் மேல் வாரை இழுத்து இறுக்கி மாட்டிவிட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் பெரியம்மா நொண்டிக்கொண்டே டாக்டர் இருந்த அறைக்குப் போனாள். வாசலில் நின்ற பெண் டோக்கன் கேட்டாள்.

மறுநாள் பிரதர் கோபப்படவே இல்லை. "இந்தப் புண்ண வெச்சிக்கிட்டுத் தண்ணியில வேல செய்ய வேணாம்க்கா. மத்தவங்களுக்கு ஒட்டிக்கும். வீட்டுல ஓய்வா இருங்க," என்றார்.

ஓய்வில்தான் விரல் கறுத்தது. பிறகு பாதம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடத்துக்கான காலண்டரை இல்லத்தில் அச்சடித்தார்கள். அட்டையில் அந்த முத்தம்தான் படம். பெரியம்மாவின் முகம் அதில் இல்லை. கால் மட்டும் பெரிதாக இருந்தது. எங்களுக்கும் ஒன்று கொடுத்தனுப்பினார்கள். அம்மா கிழிக்கப் போனாள். பெரியம்மா தடுத்து, சுவரில் மாட்டச் சொன்னாள். "என் காலு ஊரு உலகமெல்லாம் சுத்துது. நான்தான் இங்க கெடக்கேன்," என்றாள்.

போன மாதம் பிரதர் வீட்டுக்கே வந்தார். அந்த விருந்தாளியம்மா மறுபடி வருகிறாராம். அதே காலைத்தான் கழுவுவேன் என்று ஆசையாகச் சொல்லியிருக்கிறாராம். சொல்லிக்கொண்டே வந்தவர், போர்வைக்கு வெளியே தெரிந்ததைப் பார்த்ததும் நிறுத்தினார். கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்தார்.

"ஆண்டவரே," என்றார். அப்புறம், "இன்னொரு கால் இருக்குல்லக்கா?"

அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டாள். "சும்மா இருடி," என்று பெரியம்மா அதட்டினாள். இடது குதிகாலில் ஒரு சின்னப் புண் வந்திருந்தது. அது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

"டாக்டருக்கு டோக்கன் போடுவீங்களா பிரதர்?"

"தாராளமா. இப்பதான் நீங்க ஸ்டாஃப் இல்லையே."

வண்டி அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் கூடப் போனேன். குழாயடியில் வேறொரு பெண் குந்தியிருந்தாள். பெரியம்மா அவளிடம், "புண்ணுல மட்டும் பாத்து, மத்தபடி நல்லா தேயிம்மா. விருந்தாளி கை அழுக்காயிடப் போகுது," என்றாள். கூடத்தில் அந்த அம்மாள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். கழுவினார், முத்தம் கொடுத்தார், செருப்பு மாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, டோக்கனைத் தூக்கிக் காட்டியபடி டாக்டர் அறைக்குள் போனாள்.

இந்த வருடம் வந்திருந்தது பல் டாக்டர். பெரியம்மா புண்ணை மூடியிருந்த செருப்பின் வாரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ன சொன்னாரு?" என்று அம்மா வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பல்லு அத்தனையும் நல்லா இருக்காம். இன்னும் ரொம்ப நாளைக்குத் தாங்குமாம்," என்று பெரியம்மா கெக்கெக்கே என்று சிரித்தாள். அம்மா கீழே உட்கார்ந்து அவள் செருப்பைக் கழற்றினாள். புண் காலையில் பார்த்ததைவிடப் பெரிதாகியிருந்தது. நன்றாகக் கழுவி, பளிச்சென்று இருந்தது.