மூன்று நாள் பெரியம்மா

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது மூன்று நாட்கள் என் அம்மா எனக்குப் பெரியம்மாவாக இருந்தாள். அப்பா பெரியப்பாவாக இருந்தார். சித்தி அம்மா ஆனாள், சித்தப்பா அப்பா ஆனார். அத்தை மட்டும் எந்தச் சிரமமும் இல்லாமல் அத்தையாகவே இருந்தாள். எல்லாம் ஓர் ஓட்டல் அறைக்காக.

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறிகள். தறியில் பாவு, அதாவது நெசவுக்கான நீளநூல், ஏறிவிட்டால் வீட்டில் யாரும் நகர முடியாது. ஒரு பாவு முடிந்து, அடுத்ததை இழை இழையாகப் பிணைப்பதற்குள் கிடைக்கும் சில நாட்கள்தான் எங்களுக்கு லீவு. அந்த வருடம் அதிசயமாக இரண்டு தறிகளும் ஒரே வாரத்தில் காலியாயின, அதுவும் கோடை விடுமுறையில். மெட்ராஸ் பார்க்கப் போவதென்று முடிவாயிற்று. சந்தவாசலில் இருந்த அத்தைக்கு எப்படியோ சேதி போய், அவளும் பையோடு வந்து இறங்கிவிட்டாள்.

சித்தப்பாதான் எல்லா ஏற்பாடும். வீட்டிலேயே முதல் டச் போன் வாங்கியவர் என்பதால் அந்தப் பதவி அவருக்குத் தானாக வந்தது. முதலில் எதில் போவது என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். ரயில் ஏற வேண்டுமானால் ஆரணி ரோடு ஸ்டேஷனுக்கு முதலில் பஸ்ஸில் போக வேண்டும். ரயில் ஏறவே பஸ் ஏறணும்னா பஸ்ஸிலேயே போயிடலாமே என்றார் அப்பா. அதற்குப் பிறகு ஓட்டல். அப்பாவுக்குப் பக்கத்தில் சைவ மெஸ் வேண்டும். அம்மாவுக்குத் தம்பியைக் குளிப்பாட்டச் சுடுதண்ணீர் வேண்டும். அத்தைக்குக் குடிகாரர்கள் தங்காத இடமாக இருக்க வேண்டும், அதை போனில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் சொல்லவில்லை. சித்தி ஒன்றும் கேட்கவில்லை. வற்புறுத்திக் கேட்டதற்கு, “பசங்க விளையாட எடம் இருக்குதான்னு பாருங்க” என்றாள்.

சித்திக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. கோயில், ஆஸ்பத்திரி, மறுபடி கோயில் என்று போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அத்தை வந்தால் திறப்பாள். இந்த முறையும் வந்த அன்றே, வெங்காயம் உரித்தபடி அம்மாவிடம் சொன்னாள்.

“உங்கிட்ட தான் ரெண்டு இருக்குதே. ஒண்ண அவளுக்குக் குடுத்தா இன்னா?”

அம்மா அரிசி களையப் போய்விட்டாள். நான் பின்வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டில் எதைக் கொடுப்பார்கள்? தம்பிக்கு மூன்று வயது, இன்னும் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான். கொடுக்கிற பொருளை நல்லதாகப் பார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் எழும்பூரில் ஓர் ஓட்டல் அகப்பட்டது. சித்தப்பா அதன் படத்தை எல்லோருக்கும் காட்டினார். வெள்ளை உடுப்பில் ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு பெண், ஒரு பையன், நான்கு பேரும் கட்டிலில் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தோடு தங்க ஏற்ற இடம் என்று போட்டிருந்ததாம். ஒரே ஒரு சிக்கல். குடும்பம் என்றால் அந்த ஓட்டலுக்கு இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள். நாங்கள் ஏழு பேர்.

சித்தப்பா அசரவில்லை. அவரும் சித்தியும் நானும் தம்பியும் அறைக்காரர்கள். மற்ற மூவரும் எங்களைப் பார்க்க வரும் விருந்தாளிகள், வந்தவர்கள் போக மறந்துவிடுவார்கள். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

“சித்திய அம்மான்னு கூப்புடணும். என்ன அப்பான்னு. உங்கம்மா வந்தா பெரியம்மா. மாத்திச் சொன்ன, அவ்ளோ பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க. பேஜாராப் பூடும்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பைக்குள் தம்பியின் சட்டைகளை அடுக்கிக்கொண்டே, “சொன்னத செய்டி” என்றாள்.

ஓட்டல் வரவேற்பில் ஒரு பாரம் கொடுத்தார்கள். சித்தப்பா பூர்த்தி செய்தார். என் பெயர், பக்கத்தில் மகள் என்று எழுதினார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பேனாவால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாயிற்று. பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதினால் அழிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். சித்தி என் கையைப் பிடித்திருந்தாள், அது ஈரமாக இருந்தது. “உன் அம்மா கைய விடாதம்மா, படி வழுக்கும்” என்றார் வரவேற்பில் இருந்தவர். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

அறையின் ஜன்னலிலிருந்து எதிர் டீக்கடை தெரிந்தது. அம்மாவும் அப்பாவும் அத்தையும் பைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு முறைகூட மேலே பார்க்கவில்லை.

அரை மணி கழித்து அவர்கள் வந்தார்கள். நானும் தம்பியும் சித்தியோடு கீழே போய் வரவேற்க வேண்டுமென்பது திட்டம். “நீங்க யாருங்க?” என்று வரவேற்பில் இருந்தவர் கேட்டதற்கு, “பொண்ணோட பெரியம்மா” என்றாள் அம்மா, சிறு தடுமாற்றமும் இல்லாமல். தம்பி மட்டும் “அம்மா!” என்று கத்திக்கொண்டு ஓடினான். “அது யாரப் பாத்தாலும் அம்மான்னு தாங்க கூப்புடும்” என்று அத்தை சமாளித்தாள். அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்.

எங்கே தொடங்க வேண்டும் என்று சொன்னார்களே தவிர, எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே நான் நிறுத்தவில்லை. கடற்கரையிலும் சித்தியை அம்மா என்றேன், மெஸ்ஸில் “அம்மா, சாம்பார் வேணும்” என்றேன். ஏழு பேருக்கு ஓர் ஆட்டோ போதாது. சித்தப்பா இரண்டு பிடித்து, ஓட்டல் பாரத்தில் இருந்தபடியே எங்களைப் பிரித்து ஏற்றினார். எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. சித்தி எனக்கு இரண்டு ஜடை போட்டுவிட்டாள், அவிழ்த்து மறுபடியும் போட்டாள். சோளப்பொரி வாங்கினாள். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு என் கால்விரல்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கிறாள் போலும் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் வண்டலூரில், குரங்குக் கூண்டுக்குப் பக்கத்தில் நான் தடுக்கி விழுந்தேன். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. “அம்மா!” என்று அலறினேன். அது யாரையும் கூப்பிட்டதல்ல, வலியில் தானாக வந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அம்மாதான் அருகில் இருந்தாள். ஆனால் எனக்கு இரண்டடி தூரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். சித்தி வந்து என்னை மடியில் எடுத்துப்போட்டு, தன் முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள். புதுப்புடவை. நான் சித்தியின் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தம்பிக்குக் குரங்கைக் காட்டத் தொடங்கினாள். சரி, கொடுத்துவிட்டார்கள் என்று அப்போது முடிவு செய்தேன். அவ்வளவு அழுகையும் முழங்காலுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போதெல்லாம் வீட்டில் யார் எங்கே போனாலும் ஓட்டல் பார்த்துக் கொடுப்பது நான்தான். போன மாதம் அப்படி ஒரு பாரத்தை நிரப்பும்போது உறைத்தது. அன்றைக்கு அப்பாவையும் அம்மாவையும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் அறைக்காரர்களாகக் காட்டியிருந்தால் ஒருவரும் உறவை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. விருந்தாளிகள் அப்போதும் மூன்று பேர்தான். சித்தப்பாவிடம் கேட்டேன். “நான் அப்படித் தான் போட்டேன்மா. உங்கம்மா தான் எங்கிட்டேர்ந்து போனை வாங்கிப் பாத்து, மாத்தச் சொன்னாங்க” என்றார்.

மூன்றாம் நாள் ஆரணி பஸ் ஏறினோம். சித்தப்பா டிக்கெட் வாங்கிக்கொண்டு, “ஆச்சு, டிராமா முடிஞ்சுது. இனிமே சித்தி சித்தி தான்” என்று அறிவித்தார். எனக்கு அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. சித்திக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அம்மா முன்சீட்டில் இருந்தாள். காஞ்சிபுரம் தாண்டியதும் சித்தி குனிந்து என் காதில் கேட்டாள்.

“ஊர் வர்ற வரைக்கும் அப்டியே கூப்புடுறியா கண்ணு?”

ஓட்டலின் சட்டம் எனக்கு முழுதாகப் புரிந்துவிட்டது என்று காட்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. “பஸ்ல யாரும் பாரம் கேக்கமாட்டாங்க சித்தி” என்றேன்.

சித்தி சரியென்று தலையாட்டினாள். என் ரிப்பனை ஒரு முறை சரி செய்துவிட்டு, என் தலைக்கு மேலாக வெளியே வயலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நான் நழுவி முன்சீட்டுக்குப் போய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன். “இன்னாடி சொன்ன அவகிட்ட?” என்று அம்மா மெல்லக் கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். அம்மா என் தொடையைப் பிடித்துத் திருகிக் கிள்ளினாள். உயிர் போகிற மாதிரி வலித்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியம்மாக்கள் அப்படிக் கிள்ள மாட்டார்கள். என்னை யாருக்கும் கொடுக்கவில்லை, நான் இவளுடையவள்தான். ஆற்காடு வரும்வரை அந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்தேன். சரியான பதில்தானே சொன்னேன், அதற்கு எதற்குக் கிள்ளினாள், கிள்ளிவிட்டு அவளே ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.