ஊதச் சொல்லிவிட்டுச் சாவி கொடுத்தவர்

நர்சம்மா இறந்த செய்தி வந்தபோது என் கையில் வேறு யாருடைய கார் சாவியோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். மண்டப வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. என்னோடு வேலை செய்யும் பிரகாசம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் வந்தான்.

“நர்சம்மா பூட்டாங்கடா. அவங்க பையன்தான் பேசனாரு. காலையில காப்பி போட எந்திரிச்சவங்க அடுப்பாண்டயே உக்காந்துட்டாங்களாம்.”

பின்னால் நின்ற காரிலிருந்து ஹாரன் அடித்தார்கள். போய் அந்த வண்டியை வாங்கி நிறுத்தினேன்.

பந்தி முடிந்து கடைசி வண்டி வெளியே போகும்வரை நாங்கள் கிளம்பவில்லை. ஊரார் சாவியெல்லாம் எங்கள் பலகையில் தொங்கும்போது சாவு வீட்டுக்கு எப்படிப் போவது? அப்படிப் போயிருந்தால் நர்சம்மாவே எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் அவருடைய வெள்ளை அம்பாசிடர். ஆளாளுக்கு ஸ்டார்ட் செய்து பார்த்துத் தோற்றிருந்தார்கள். அது பழைய டீசல் வண்டி. சாவியைத் திருப்பி, இன்ஜினுக்குள் ஹீட்டர் சூடாகும்வரை சும்மா இருக்க வேண்டும். சாவு வீட்டில் யாருக்கு அந்தப் பொறுமை? நான் எடுத்துத் தெருவில் விட்டேன். சாவியை அவர் மகனிடம் கொடுத்தேன். “ஒங்களுக்கு எப்பிடிப்பா இந்த வண்டி தெரியும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

மங்கையர்க்கரசி என்ற அவருடைய பெயரைச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். வலி கண்ட பெண்களை மலையிலிருந்து கீழே இறக்க வண்டி கிடைக்காமல் அலைந்து வெறுத்துப்போய், ஒரு பழைய அம்பாசிடரை வாங்கித் தானே ஓட்டக் கற்றுக்கொண்டவர். அந்தக் காரின் பின்சீட்டிலேயே பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. துடைக்க வசதியாகப் போட்ட ரெக்சின் விரிப்பு கடைசிவரை அந்தச் சீட்டில் இருந்தது. ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சிக்கு வந்த பிறகும் காரை விற்கவில்லை. மலையில் அவரை அறிந்தவர்கள் என்னைவிட நிறையச் சொல்வீர்கள். எனக்கு அவரை மண்டப வாசலில்தான் தெரியும்.

மாவட்டம் ஆன பிறகு நம் ஊரில் பெரிய ஏசி மண்டபங்கள் வந்தன. வேலட் பார்க்கிங் என்று போர்டு வைத்தார்கள். காரை வாசலில் விட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம், நாங்கள் கொண்டுபோய்ப் பின்பக்க மைதானத்தில் நிறுத்துவோம். நம் மக்களுக்கு இது பழக்கமில்லை. சாவியைக் கொடுத்தவர் படியேறும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட்டது போல.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். செல்போன் கடை, கரும்பு லாரி, கூரியர் என்று போய் எதிலும் நிற்காமல் இந்த வேலைக்கு வந்தேன். சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் குமரேசன் அண்ணன் ஒன்று சொன்னார். “எந்த ஊருன்னு கேட்டா கருணாபுரம்னு சொல்லாத. பஸ் ஸ்டாண்டு பக்கம்னு சொல்லு.” கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு எங்கள் தெருவின் பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பவர்கள் உண்டு. கார் சாவியை எங்கே கொடுப்பார்கள்?

அந்த வாரமே நர்சம்மா வந்தார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“புதுசா? எந்த ஊர்றா?”

“பஸ் ஸ்டாண்டு பக்கங்க.”

“பஸ் ஸ்டாண்டுக்கு நாலு பக்கம் இருக்குது. எந்தப் பக்கம்?”

“கருணாபுரம்.”

“ஊது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இன்னாம்மா, கருணாபுரம்னா குடிகாரனா?”

“டேய், அதோ நிக்கிறானே உங்க சூப்பர்வைசரு, அவனப் போய்க் கேளு. அவனையும் ஊதச் சொன்னேன். எல்லாரையுந்தான் சொல்றேன். உன்ன மட்டும் சொன்னேன்னா அப்பக் கோவப்படு. இப்ப ஊது.”

குமரேசன் அண்ணன் தூரத்திலிருந்தே தலையாட்டினார். ஊதினேன்.

“வெங்காயம் ஜாஸ்தி. வேற ஒண்ணுமில்ல. வா, எடு.”

அவர் இறங்கி நடந்து மறுபக்கம் வந்து இடப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மண்டபத்துக்குள் போகவில்லையா என்று கேட்டேன். “வண்டி எங்க போவுதோ நானும் அங்க வருவேன். ஓட்டு” என்றார். பட்டுப்புடவை, கையில் பரிசுப் பொட்டலம், மடியில் கைப்பை. அப்படியே மைதானம்வரை வந்தார். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் என்னைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

“படிப்ப ஏன் வுட்ட?”

“உக்கார முடியலீங்கம்மா.”

“மூலமா?”

“ஐயோ, இல்லீங்கம்மா. மனசு நிக்கல.”

“அதுக்கு எங்கிட்ட மாத்திர கெடையாது. கியர மெதுவாப் போடு.”

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இப்படித்தான். ஊதச் சொல்வார், கூடவே வருவார், வண்டி நின்ற பிறகு ஒரு செங்கல்லைப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கச் சொல்வார், பிறகு வெயிலில் நடந்து மண்டபத்துக்குத் திரும்புவார். அந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. மலையில் வண்டி நிறுத்துகிறவர்கள் எல்லோரும் சக்கரத்துக்குக் கல் வைப்பார்களாம், கிளம்பும்போது அதை ஓரமாக எடுத்துப் போடுவார்களாம். மைதானத்தில் கல் கிடைக்காது என்று டிக்கியில் செங்கல் வைத்திருந்தார். மற்ற பையன்கள் சிரிப்பார்கள். “நர்சம்மா காருக்குத் தலகாணி வெச்சாச்சா?” என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் வைத்தாயிற்றா என்று குனிந்து பார்க்காமல் போக மாட்டார்.

ஒருமுறை அவர் வண்டிக்கு முன்னால் ஒரு புத்தம்புதிய பெரிய கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம். சாவியை நீட்டியபடியே ஊரைக் கேட்டார். நர்சம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குப் பொய் வரவில்லை. கருணாபுரம் என்றேன். நீட்டிய சாவி திரும்பிப் போனது.

“வேற ஆளு யாராச்சும் இருந்தாக் கூப்புடுப்பா.”

நர்சம்மா தன் காரிலிருந்து இறங்கி அவரிடம் போனார். “தம்பி, அந்தப் பையன் எங்கிட்ட ஊதிக் காமிச்சவன். நீங்க கொஞ்சம் ஊதுங்க.”

“இன்னாது?”

“ஊதுங்க. நீங்க ஓட்டிக்கினு வந்த வண்டிதான? பாக்குறேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்து, காரைத் தானே கொண்டுபோய் வெளியே ரோட்டோரம் நிறுத்தினார். அந்தக் கார் கடைசிவரை எனக்குக் கிடைக்கவில்லை. குமரேசன் அண்ணனிடம் எனக்குத் திட்டுத்தான் கிடைத்தது. நர்சம்மாவிடம், “இதனால ஒண்ணும் மாறலீங்கம்மா” என்றேன். “மாறுறதுக்கா கேட்டேன்? வாசன வந்துச்சு, கேட்டேன்” என்றார்.

பிரகாசத்தின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் அதிகமானால் கார்களை ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கி, கியர் போடாமல், பிரேக் போடாமல் விடுவோம். உள்ளே மாட்டிய வண்டியை எடுக்க முன்னால் நிற்பதைக் கையால் தள்ளினால் போதும். ஒரு ரிசப்ஷனில் மைதானம் நிரம்பி, நர்சம்மாவின் காரை வாசல் ஓரச் சரிவிலேயே நிறுத்த வேண்டி வந்தது. அவசரத்தில் அதையும் எங்கள் வழக்கப்படி கியர் போடாமல்தான் விட்டோம். செங்கல் இருந்ததால் நின்றது. நர்சம்மாவும் செங்கல்லைப் பார்த்துவிட்டுப் படியேறிவிட்டார். பெண்ணுக்கு அப்பா வெளியே வந்தார். “அலங்கார வளைவுக்குப் பக்கத்துல செங்கல்லு இன்னாத்துக்கு? வீடியோவுல வுழுது. எடு” என்றார். பிரகாசம் எடுத்தான்.

அம்பாசிடர் யாருக்கும் சொல்லாமல் கிளம்பியது. மெதுவாக, மரியாதையாகப் பின்னால் போய், மாப்பிள்ளை-பெண் படம் போட்ட பிளக்ஸ் சட்டத்தில் சாய்ந்தது. சட்டம் சரிந்து, மாப்பிள்ளை முகம் காரின் கூரைமேல் கவிழ்ந்தது. ஒரு பின்விளக்கு உடைந்தது. ஆளுக்கு அடி இல்லை.

குமரேசன் அண்ணன் உடனே திட்டம் போட்டார். “லைட்டுத் துண்டப் பொறுக்கு. வண்டிய சொவத்துப் பக்கம் திருப்பி நிறுத்து. அம்மா வூட்டுக்குப் போய்ப் பாத்துக்கட்டும். வழியில எவனோ இடிச்சான்னு நெனச்சுக்குவாங்க.” வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. தப்பு சொல்ல முடியாது. நாங்கள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பிரகாசத்தைக் காணவில்லை. அவன் நேராகப் பந்திக்குப் போயிருந்தான். என்ன நடந்தது என்று பரிமாறியவர்கள் பிறகு சொன்னார்கள்.

“நர்சம்மா, வண்டி இடிச்சிருச்சு. நான்தான் கல்ல எடுத்தேன்.”

“யாருக்காச்சும் அடியா?”

“இல்லீங்கம்மா.”

“அப்பப் பாயசம் சாப்ட்டு வர்றேன். நில்லு.”

சாப்பிட்டுவிட்டு வந்தார். உடைந்த விளக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு எங்களையும் பெண்ணின் அப்பாவையும் சேர்த்து நிற்க வைத்துத் திட்டினார். “மலையில வந்து கேளு. வண்டிக்குக் கல்ல வெச்சவன்தான் கல்ல எடுக்கணும். அடுத்தவன் எடுத்தா அதுக்குப் பேரு கொல. பின்னால ஒரு புள்ள நின்னிருந்தா?” மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கிளம்பும்போது சாவியைப் பிரகாசத்திடம் நீட்டி, வண்டியை வெளியே எடுக்கச் சொன்னார். குமரேசன் அண்ணனுக்குத் தாங்கவில்லை. “திரும்ப அவங்கிட்டயா குடுக்குறீங்க?”

“வேற யாருகிட்ட? இவன் இடிச்சா எனக்கு உடனே தெரிஞ்சிடும். உங்கிட்ட குடுத்தா நான் வூட்டுக்குப் போய் வெளக்கப் புடிச்சிக்கினு தேடணும்.”

அடுத்த கல்யாணத்தில் பிரகாசத்திடம் சாவி கொடுத்துவிட்டு அவர் நேராகப் படியேறினார். கூடப் போகவில்லை. ஊதச் சொன்னார், அது வேறு. எனக்கு அன்றைக்குப் பொறாமையாக இருந்தது. என்னோடு மட்டும் அவர் கூடவே வந்துகொண்டிருந்தார். நான் எதையும் இடித்ததில்லை, அதனால் இடித்தால் சொல்வேனா என்று அவருக்குத் தெரியாது. சொல்லித் தெரியவைக்கிற விஷயமும் இல்லை அது. இதற்காக வேண்டுமென்றே ஒரு காரை இடிக்கவா முடியும்?

பிறகு அவர் பார்வை மங்கியது. சர்க்கரை. ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார், விற்றுவிடலாம் என்று மகன் சொன்னார். நர்சம்மா இரண்டு பேரிடமும் சரி என்றுவிட்டு எனக்குப் போன் செய்தார். அவர் பிரசவம் பார்த்துப் பிறந்த ஒரு பெண்ணுக்கு வெள்ளிமலையில் கல்யாணம்.

“நீ வந்து ஓட்டு. வெங்காயம் சாப்புடாம வா.”

“பிரகாசம் இல்லீங்களாம்மா?”

“அவனுக்கு மல தெரியும், தூக்கத்துல ஓட்டுவான். உனக்குத் தெரியாது, பயந்து ஓட்டுவ. எனக்கு அதான் வேணும்.”

வழக்கம்போல ஊதினேன். கச்சிராயபாளையம் வரைக்கும் நான் செய்தது எதுவுமே சரியில்லை. பிரேக்கில் கால் வைக்காதே, கிளட்சில் கால் வைக்காதே, அந்த டிராக்டருக்கு வழி விடு, கரும்பு வண்டிக்குப் பின்னால் ஏன் ஒட்டிக்கொண்டு போகிறாய். இடப்பக்கம் உட்கார்ந்தபடி அவரும் தன் காலால் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தார். மலை ஏறத் தொடங்கியதும் ஒன்று மட்டும் சொன்னார்: “வளைவுல ஹாரன் அடிக்காம திரும்பின, எறங்கி நடந்துடுவேன்.”

முதல் வளைவில் அடித்தேன். இரண்டாவதில் அடித்தேன். மூன்றாவது வளைவு தாண்டி, சரியாகத் திரும்பினேனா என்று கேட்க அவரைப் பார்த்தேன். தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. என்னை எத்தனையோ பேர் எத்தனையோ பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். என் பைக்கில் பின்னால் உட்கார என் அப்பாவே யோசிப்பார். இவர் தன் உயிரும் காரும் என் கையில் இருக்கும்போது குறட்டை விட்டார்.

வெள்ளிமலையில் நிறுத்தியதும் விழித்துக்கொண்டு, “நான் தூங்கல” என்றார்.

அவரிடமிருந்து எனக்கு வேறு எதுவும் வேண்டாம். கார் அவர் மகனுடையது, வைத்துக்கொள்ளட்டும், விற்கட்டும். நான் வைத்துக்கொள்வது அந்தத் தூக்கத்தைத்தான். மலை உச்சிவரை எல்லா வளைவிலும் ஹாரன் அடித்தேன். ஒன்றுக்குக்கூட அவர் கண் திறந்து பார்க்கவில்லை.