ஒரே வெடியில் விழுந்த பன்றி

பலேர்மோவில் எந்த வீட்டுக் குளியலறைக்குள் போனாலும், கக்கூசுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு இன்னொரு வெள்ளைத் தொட்டி இருக்கும். பிடே என்பார்கள்; கக்கூசுக்குப் போனபின் கழுவிக்கொள்ள. இந்த ஊர்க்காரருக்கு அது எதற்கென்று சொல்லத் தேவையில்லை. எங்கள் ஆட்களுக்கு அது விளங்க ஒரு வருஷம் பிடிக்கும்; அதற்கிடையில் அதில் கால் கழுவுவோம், சப்பாத்துக் கழுவுவோம், கீரையும் அலசியிருப்போம். நான் வேலை செய்த வீட்டில் ஒரு திங்கட்கிழமை காலை வாளியும் துணியுமாகக் குளியலறைக் கதவைத் திறந்தபோது, பிடேக்குள் ஒரு துவக்குக் குழல் நின்றது. அடிப்பக்கம் சவர்க்காரத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. வாய்ப்பக்கம் சுவரில் சாய்ந்திருந்தது. அறை முழுக்கக் கூழ்முட்டை நாற்றம்.

துவக்குகளுக்குப் பயந்து கடல் கடந்து வந்த ஒருத்தி அந்த இடத்தில் கத்தியிருக்கவேண்டும். நான் கத்தவில்லை. குளிக்கும் தொட்டியின் விளிம்பில் குந்தியிருந்து அழத் தொடங்கிவிட்டேன். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் சிஞ்ஞோர் கயெத்தானோ ஓடிவந்தார். எழுபது தாண்டியவர், மனைவியை இழந்தவர், ஒரு காலத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து, "நோன் ஸ்பாரா, றீற்றா, நோன் ஸ்பாரா!" என்று கையை ஆட்டினார். அது வெடிக்காது, வெடிக்காது என்றார். பயத்தில் அழவில்லை என்று சொல்ல எனக்கு அவருடைய பாஷை போதவில்லை. குழலைக் காட்டி, "மியோ மாரித்தோ," என்றேன். என் கணவர். அவரும் இப்படித்தான் கழுவுவார் என்பது என் எண்ணம். சிஞ்ஞோர் முகம் வெளிறி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். என் கணவரைத் துவக்கால் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வேலை தரவில்லை. தன் கையாலேயே கோப்பி போட்டுத் தந்து, பக்கத்தில் இருந்து பெருமூச்சு விட்டார். அந்த வாரக் கடைசியில் என் கணவர் என்னைக் கூட்டிப்போக வாசலில் வந்து நின்றபோதுதான் செத்தவர் உயிர்த்த புதுமை நடந்தது. குழல் கழுவுகிற கதையும் அன்றைக்குத்தான் சிஞ்ஞோருக்கு விளங்கியது.

எங்கள் ஊர் மடு மாதா கோவிலுக்குப் போகிற பாதையில், காட்டை ஒட்டியது. இவரிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால், இடியன் என்பது வாய்ப்பக்கத்தால் மருந்து போடுகிற துவக்கு. கரிமருந்தைக் குழலுக்குள் கொட்டி, தேங்காய்த் தும்பை உருட்டி வைத்து, கம்பியால் இடித்து, ஈயக் குண்டைப் போட்டு, மேலே இன்னொரு தும்பு வைத்து மறுபடியும் இடிக்கவேண்டும். பிறகு பின்பக்கத்தில் நெருப்புப் பொறிக்கு ஒரு சின்னக் கேப்பைச் செருகவேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு வெடிக்கு. அது பிழைத்தால், பன்றியைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். காட்டால் வந்த மறுநாள் குழலைக் கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். கரிமருந்தின் அழுக்கு வெந்நீருக்குத்தான் போகும் என்று, நான் சோற்றுக்கு வைத்த உலைத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நான் பின்னால் நின்று கத்துவேன். முற்றமெல்லாம் அந்தக் கூழ்முட்டை மணம் நிற்கும்.

உண்மையில் இவருக்கு வேட்டையைவிட வேட்டைக்கதை பெரிசு. இவருடைய இடது கெண்டைக்காலில் ஒரு நீளத் தழும்பு இருக்கிறது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே அந்தக் கதையை எங்கள் வீட்டு விறாந்தையில் சொன்னார். தனியன் பன்றி ஒன்று நேரே பாய்ந்து வந்ததாம். இவர் அசையவே இல்லையாம். ஒரே வெடியாம். விழுகிற வேகத்தில் அதன் கொம்பு காலைக் கிழித்துவிட்டதாம். என் தமையன்மார் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற நானும்தான். அதற்குப் பிறகு அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் பன்றி கொஞ்சம் கொழுத்தது.

பிறகு ஒரு நாள், வீட்டில் இருக்கிற துவக்குகளையெல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். எந்த ஆட்கள் என்று கேட்காதீர்கள். அந்த வருஷங்களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இவர் இடியனைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வந்தார். அதற்குப் பிறகு ஊரும் இல்லை, காடும் இல்லை. பலேர்மோவில் இவருக்குக் கிடைத்தது மாடிப்படி கழுவுகிற வேலை. ஆறு மாடி, ஏழு மாடிக் கட்டடங்கள். மேலிருந்து கீழே கழுவிக்கொண்டு இறங்கும்போது ஏறி வருகிறவர்களுக்குச் சுவரோடு ஒட்டி வழி விடவேண்டும். 'சீ சிஞ்ஞோரா', 'வா பேனே', 'கிராட்சியே'. ஓம் அம்மா, சரி, நன்றி. இத்தாலியனில் அவ்வளவுதான் பேச்சு. அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சோறு போடட்டோ என்றால் ஓம். போதுமோ என்றால் ஓம். பெரும்பேச்சுக்காரனைக் கட்டிய எனக்கு இந்த ஓம் தாங்கமுடியாமல் இருந்தது. கடன், பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி எல்லாம் எல்லோருக்கும் உள்ள கவலை. எனக்கென்று இருந்த கவலை, என் மனிசனின் புளுகு எனக்குத் திரும்பக் கிடைக்குமா என்பதுதான்.

ஆகவே சிஞ்ஞோர் ஒரு நாள், "உன் புருஷனைச் சனிக்கிழமை என்னோடு துவக்குக் கடைக்கு வரச் சொல்," என்றபோது நான் இவரைக் கேட்காமலே ஓம் என்றுவிட்டேன். பிடேக்குள் நின்ற பழைய துவக்கின் குழல் உள்ளே துருப்பிடித்துவிட்டதாம். இனிச் சுட்டால் கையிலேயே வெடிக்கும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். கார்த்திகையில், செத்துப்போன மனைவியின் மலையூரில் பன்றி வேட்டை இருக்கிறது. அதற்குள் வேறொன்று வாங்கவேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் எல்லாரும் தோட்டாப் போடுகிற துவக்கோடு வர, சிஞ்ஞோருக்கு மட்டும் வாய்ப்பக்கத்தால் மருந்து போடுகிறதுதான் வேட்டை. மற்றதெல்லாம் கசாப்புக்கடை வேலை என்பார். நல்ல பிடிவாதம். ஆனால் கோப்பிக் கோப்பையைத் தூக்கும்போது அவருடைய கை நடுங்கும். கீழே வைக்கும்போது தட்டில் கிணுகிணுவென்று சத்தம் கேட்கும்.

இவர் முதலில் மாட்டேன் என்றார். "எனக்கென்னத்துக்கு இனித் துவக்கும் மண்ணும்," என்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நானும் பின்னால் போனேன். கடை நாங்கள் இருக்கிற போர்கோ வெக்கியோவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான். கடைக்காரர் மேசையில் ஒரு பச்சைத் துணியை விரித்து இரண்டு துவக்குகளை வைத்தார். ஒன்று பழைய மாதிரி: வால்நட் மரப் பிடி, பித்தளைப் பூண், பக்கவாட்டில் வளைந்து நிற்கிற சுத்தியல். புதிதாகச் செய்ததுதான், ஆனால் நூறு வருஷத்துக்கு முந்திய முகம். மற்றது அமெரிக்க மாதிரி: கறுத்த பிளாஸ்டிக் பிடி, வெள்ளி நிறக் குழல், தூரம் பார்க்க மேலே ஒரு கண்ணாடி. கேப்பு வெளியே இல்லை. மருந்துக்கு நேர் பின்னால், உள்ளுக்குள் இருக்கிறது. மழை படாது. தெரியாமல் விசையில் கை பட்டாலும் வெடிக்காமல் இருக்க ஒரு பூட்டு. சிஞ்ஞோர் கறுத்ததை ஒரு தரம் பார்த்து, "இது துவக்கில்லை, குழாய்க்காரனின் சாமான்," என்றார். பழைய மாதிரியை எடுத்து மரத்தைத் தடவினார். இதில் அவசரம் இல்லை, புகை உண்டு, ஒரே ஒரு வெடி, மனிதனுக்கு யோசிக்க நேரம் கொடுக்கும் என்றார். சொல்லும்போது அவருடைய முகம் அழகாக இருந்தது.

நான் அப்போது அவருடைய கோப்பி அரைக்கிற கைமெஷினை நினைத்தேன். அவருடைய குசினியில் மின்சாரத்தில் கோப்பி அரைக்கிற மெஷின் ஒன்று பெட்டியோடு இருக்கிறது. ஆனால் கையால் சுற்றி அரைத்தால்தான் மணமாம். சுற்றுகிறது என் கை. பழசு என்பது இந்த நாட்டில் ஒரு ஆசை. வேறு வழி இருக்கும்போது இதுதான் வேண்டும் என்று எடுப்பது. எங்களுக்குப் பழசு என்பது வேறு வழி இல்லாதது. ஊரில் எனக்கு மட்டும் ஒரு கிறைண்டர் கிடைத்திருந்தால் அம்மியைத் தூக்கிக் கிணற்றடியில் துவைக்கிற கல்லாகப் போட்டிருப்பேன். அதற்காக அவரில் எனக்குக் கோபம் இல்லை. ஆசைப்பட அவருக்கு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

"மரியோ, நீ என்ன சொல்கிறாய்?" என்று சிஞ்ஞோர் கேட்டார். மரியதாஸ் என்ற பெயர் இந்த ஊரில் மரியோ ஆகிவிட்டது. இவர் பழைய மாதிரியைக் கையில் எடுத்தார். பெருவிரல் தானாகவே சுத்தியலுக்குப் போனது. தோளில் வைத்து, கண்ணைச் சுருக்கி, குழலின் நுனியைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இவருடைய கைகளுக்கு இருக்க ஒரு இடம் கிடைத்ததைக் கண்டேன். இதைத்தான் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன், சிஞ்ஞோரும் நினைத்தார். இவர் அதை மெதுவாகத் துணியில் வைத்துவிட்டு, கறுத்ததைத் தொட்டார்.

"குவெஸ்தோ," என்றார். இது.

சிஞ்ஞோர் முகம் விழுந்துவிட்டது. "நீ காட்டு மனிசன் என்று நினைத்தேன்," என்றார். கடைக்காரர் சிரித்தார். இவர் குனிந்து காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, தழும்பைக் காட்டினார்.

நான் அந்தப் பழைய கதையை எதிர்பார்த்து நின்றேன். ஆனால் இவரிடம் இருந்த இத்தாலியன் சொற்களில் அந்தக் கதை அடங்கவில்லை. பெருமையாய்ச் சொல்ல நிறையச் சொற்கள் வேண்டும். இவரிடம் இருந்தது ஒரு பிடி. "நான், இளம்," என்றார். "மழை. பன்றி, பெரிசு. துவக்கு," என்று பழைய மாதிரியைக் காட்டி, "நோன் ஸ்பாரா," என்றார். வெடிக்கவில்லை. பிறகு சொல் முடிந்து கை தொடங்கியது. பன்றி வந்தது, கால் கிழிந்தது, துவக்கை எறிந்துவிட்டு மரத்தில் ஏறினார், கிளையைக் கட்டிப்பிடித்தார். அந்தக் கடை நடுவில், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, இல்லாத கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மம்மா, மம்மா," என்று கத்திக் காட்டினார். கூட்டாளிகள் வந்து பன்றியைத் துரத்தும்வரைக்கும் அப்படியே.

கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிஞ்ஞோர் சிரிக்கவில்லை. "கேப்பு நனைந்ததா, மருந்து நனைந்ததா?" என்று கேட்டார். "துத்தோ," என்றார் இவர். எல்லாம். பிறகு தன் கையை நீட்டி, சிஞ்ஞோருடைய கை மாதிரியே நடுக்கிக் காட்டினார். "உங்கட கை, இப்படி. மழை. பன்றி." தலையை ஆட்டினார். "நான் விரும்பயில்லை." சிஞ்ஞோர் தன் கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் வைத்துக்கொண்டார். கடைக்காரரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். இவரைப் பார்க்காமலே சிஞ்ஞோர், "அந்தக் குழாய்க்காரனின் சாமானைக் கட்டு," என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சாருங்கோ, பன்றி ஒரே வெடியிலை விழுந்ததெண்டெல்லே சொன்னனீங்கள்?"

"அது அப்ப."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உன்ரை அண்ணன்மார் நாலு பேரும் என்ரை காலைத்தான் பாத்துக்கொண்டிருந்தவங்கள். நொண்டியெண்டு நினைச்சுப்போடுவாங்களெண்டு பயமாக் கிடந்தது. உள்ளதைச் சொல்லியிருந்தா நீ கட்டியிருப்பியோ?"

"மரத்திலை நிண்டு அம்மா எண்டு கத்தினவரெண்டு தெரிஞ்சிருந்தா இன்னும் கெதியாக் கட்டியிருப்பன்."

இவர் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு, சந்தை நடுவில், கழுத்தை உயர்த்திச் சிரித்தார். எங்கள் ஊர்ச் சிரிப்பு. பலேர்மோ அதை முதல் முறையாகக் கேட்டது.

கார்த்திகையில் இரண்டு பேரும் மலைக்குப் போனார்கள். லைசென்ஸ் இல்லாதபடியால் இவருக்குத் துவக்குத் தொட உரிமையில்லை. பை சுமக்கலாம், பக்கத்தில் நிற்கலாம். புறப்படும்போது நான் வாசலில் நின்று நல்ல வேட்டை கிடைக்கட்டும் என்று வாழ்த்தினேன். சிஞ்ஞோர் பாய்ந்து என் வாயைப் பொத்தாத குறை. அப்படி வாழ்த்தினால் வெறுங்கையோடு வரவேண்டுமாம்; ஓநாயின் வாய்க்குள் போ என்றுதான் சொல்லவேண்டுமாம். போகிறவரை எங்கை போறியள் என்று கேட்டாலே சகுனம் பார்த்துத் திரும்பி வந்து உட்காருகிறவர்களின் ஊரிலிருந்து வந்தவள் நான். ஓநாயின் வாய்க்குள் நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். என் முதல் வாழ்த்துத்தான் பலித்தது போல. புதுத் துவக்கு நன்றாக வெடித்ததாம். பன்றியில் மட்டும் படவில்லையாம். மற்றவர்கள் சுட்டதில் ஒரு பங்கு கிடைத்தது. திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபோது இரண்டு ஆண்களும் பிடேக்கு முன்னால் குந்தியிருந்து, என் கேத்தல் வெந்நீரை ஊற்றி, வெள்ளி நிறக் குழலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். துவக்குத்தான் புதிசு. கூழ்முட்டை மணம் அப்படியே இருந்தது.

எங்கள் பங்கு ஒரு முன்னங்கால். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, அயலில் இருக்கிற எங்கள் ஆட்களைக் கூப்பிட்டேன். வறுத்த தூள் போட்டு, காரமாய் வைத்த கறி. படிக்கட்டுவரை மணத்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "மரியதாஸ் அண்ணை, ஊர்ப் பன்றி மாதிரி வராது, என்ன?" என்று கேட்டார்.

இவர் கையிலிருந்த பிடி சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். கழுத்தை உயர்த்தினார். "தனியன் பன்றியெண்டா என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்று தொடங்கினார். மழை பெய்யவே இல்லை. பன்றி நேரே பாய்ந்து வந்தது. இவர் அசையவில்லை. மரம் ஏற வேண்டிய இடம் வந்தபோது மட்டும் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். நான் கறிச்சட்டியை எடுக்க எழும்பினேன். "ஒரே வெடி!" என்றார் இவர். சனம் வாயைப் பிளந்தது.

இத்தாலியனில் என் மனிசன் இன்னும் மரத்தில் நின்று அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தமிழில் அந்தப் பன்றி ஒரே வெடியில் விழுந்துவிட்டது. நான் இரண்டுக்கும் நடுவில் கறிச்சட்டியோடு நின்றேன். இவர் கதை சொல்லிக்கொண்டே கோப்பையைக் காலியாக்கி என் பக்கம் நீட்டினார். அசையாமல் நின்றவருக்கு ஒன்று, மரத்தில் ஏறினவருக்கு ஒன்று என்று இரண்டு அகப்பை போட்டேன்.