மூலையை வெட்டியது நானில்லை

சிரித்துக்கொண்டே படித்தாலும் சரி. எனக்கு நடந்ததில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

ஊரைவிட்டு வெகுதூரம் வந்து ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பிளாஸ்டிக்கைக் கரைத்து, காகிதம்போல மெல்லிய வடிகட்டிச் சவ்வு செய்ய வேண்டும். அதில் தண்ணீர் இறங்கலாம். புரதம் ஒட்டக் கூடாது. ஆனால் பால் காய்ச்சிய பாத்திரத்தில் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ளும். சவ்வு அடைத்துவிடும். நான் செய்தவை எல்லாமே அடைத்தன.

"இந்த வாட்டியும் அடைச்சா ப்ராஜெக்டை மூடிடுவாங்க தம்பி. நீ மூட்டை கட்டு, நான் கயிறு பிடிக்கிறேன்" என்றார் ஆய்வகப் பொறுப்பாளர். எங்களுக்கு அவர் அண்ணன்.

ஞாயிறு மதியம். கட்டடத்தில் நான் மட்டும். கரைசலைக் கண்ணாடியில் ஊற்றி, கத்தியால் சீராக இழுத்து, தண்ணீருக்குள் இறக்கினேன். வெள்ளையாக உறைந்தது. அதன் மேல்பக்கம்தான் புரதத்தை ஒட்டவிடாமல் தடுக்க வேண்டியது. இரண்டு பக்கமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்பதால், உடனே ஒரு மூலையை வெட்டி அடையாளம் வைப்போம்.

மறந்துவிட்டேன். சவ்வு தண்ணீரில் புரண்டுவிட்டது. எது மேல்பக்கம்? தெரியவில்லை.

நொந்துபோய் முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால்... மூலை வெட்டியிருந்தது. கத்தரியில் ஈரம். நானேதான் வெட்டியிருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதை நம்பிச் சவ்வை வடிகட்டியில் பொருத்தி, புரதக் கரைசலை விட்டேன். டக்... டக்... டக்... வழக்கமாக அரை மணியில் சொட்டு தளர்ந்துவிடும். மாலை 5.10. இரண்டு மணி நேரம் ஆகியும் அதே வேகம்.

சொல்ல ஆளில்லை. காலி அறையிடம் சொன்னேன்.

"அடைக்கலைங்க."

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

திரும்பினேன். யாருமில்லை.

சவ்வைக் கழற்றிச் சாயத்தில் போட்டேன். புரதம் ஒட்டிய இடம் மட்டும் நீலமாகும். முழுக்க வெள்ளை. வெட்டிய மூலையில் மட்டும்...

நீலமாக ஒரு கட்டைவிரல் ரேகை.

கையுறை இல்லாமல் நான் அதைத் தொடவே இல்லை.

படம் எடுத்து அனுப்பினேன். அண்ணன் உடனே கூப்பிட்டார்.

"ஒண்ணும் கேக்காத. கதவைப் பூட்டிட்டு வெளிய வா."

மறுநாள், ப்ராஜெக்டை மூடவில்லை என்ற செய்தியோடு இதையும் சொன்னார்.

"உனக்கு முன்னாடி இந்த வேலையில ஒரு பொண்ணு இருந்தா. கையுறை போட்டா அவளுக்கு அரிக்கும். வெறுங்கையாலதான் மூலை வெட்டுவா. ஒரு ஞாயித்துக்கிழமை, தனியா இருக்கப்ப நெஞ்சுவலி. மறுநா காலையிலதான் கதவைத் திறந்தோம்."

"அப்ப..."

"சொட்டு அப்பவும் விழுந்துட்டே இருந்துச்சு தம்பி. அவ செஞ்சது அடைக்கவே இல்லை. அந்தக் களேபரத்துல யாரும் அதைக் கவனிக்கலை. நான்தான் கழட்டிக் குப்பையில போட்டேன்."